நிறைந்தாலும் வெற்றி, காலியானாலும் வெற்றி

"டர்போ வண்டியா சார்? அப்போ முதல்ல ஒரு கேட்ச் கேன் போட்டுடுங்க. இல்லேன்னா வால்வு மொத்தம் கரி புடிச்சிடும்."

சென்னை ஜி.பி. ரோட்டுக்கு சீட் கவர் பார்க்கப் போனவனுக்கு இந்த அறிவுரை இலவசமாகக் கிடைத்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், பெசன்ட் நகரில் காபி குடித்துவிட்டு ஈ.சி.ஆர். கிளம்பும் இளைஞர் கூட்டத்தில் அதே வாக்கியம். அதற்கும் அடுத்த வாரம் தி.நகரில் அக்கா வீட்டுக்குப் போனால், அக்கா மகன் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். பேட்டரிக்குப் பக்கத்தில் நீல நிற அலுமினிய டப்பா ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. புது வண்டி வாங்கினால் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்கு ஓட்டிப் போய் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குவது இந்த ஊர் வழக்கம். டர்போ வண்டி என்றால் இப்போது அதோடு இந்த டப்பாவும் சேர்ந்துகொண்டது. ஒரே வித்தியாசம், முனீஸ்வரனிடம் போகிறவர்கள் நம்பிக்கையின் பேரில்தான் போகிறோம் என்று ஒப்புக்கொள்வார்கள். டப்பாக்காரர்கள் விஞ்ஞானம் என்கிறார்கள்.

நானும் ஒரு வருஷம் டப்பாக்காரனாக இருந்தவன். அதனால் வெளியே நின்று கேலி செய்வதாக யாரும் நினைக்க வேண்டாம். என் வண்டியும் ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல்தான். மயிலாப்பூர் மாட வீதிக்கும் அடையாறு எல்.பி. ரோட்டுக்கும் இடையில் அதன் ஆயுளில் பாதி கழிகிறது. அந்த ஒரு வருஷத்தில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: இந்த நகரத்தில், கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடும் டர்போ பெட்ரோல் காருக்குக் கேட்ச் கேன் தேவையில்லை. தேவை என்பதற்கு அவர்கள் காட்டும் சாட்சி, சாட்சியே இல்லை.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடுவோம். சிலிண்டருக்குள் பெட்ரோல் வெடிக்கும்போது அந்த அழுத்தத்தில் கொஞ்சம் வாயு பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கு வழியாகக் கீழே, எண்ணெய் கிடக்கும் அறைக்குள் நழுவுகிறது. புத்தகத்தில் ப்ளோ-பை என்பார்கள். நம்மூர் மெக்கானிக்குகளுக்கு அது 'பேக் கம்ப்ரெஷன்'. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, புகை குப்குப்பென்று அடிக்கிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார்களே, அதேதான். எந்தப் புது எஞ்சினிலும் இது கொஞ்சம் உண்டு. எண்ணெய்த் துளி, எரியாத பெட்ரோல், நீராவி எல்லாம் கலந்த இந்த வாயுவை வெளியேற்றாவிட்டால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்கள் பிதுங்கும்.

அந்தக் காலத்தில் அதை ஒரு குழாய் வைத்து ரோட்டிலேயே விட்டார்கள். பழைய டீசல் அம்பாசடர் நின்று கிளம்பிய இடத்தில் கறுப்பாய்ச் சொட்டியிருக்கும் எண்ணெயில் அந்தக் குழாய்க்கும் பங்கு உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தைப் புகைமூட்டம் மூச்சுத் திணற வைத்தபோது, கார்கள் கக்கும் ஹைட்ரோகார்பனில் கணிசமான பங்கு இந்தக் குழாயிலிருந்தே வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். கலிஃபோர்னியாவில் 1961 மாடல் கார்களிலிருந்தும், அமெரிக்கா முழுக்க 1963 மாடலிலிருந்தும் அந்த வாயுவை எஞ்சினே திரும்ப உறிஞ்சி எரித்துவிடும் ஏற்பாடு வந்தது. அதுதான் பி.சி.வி. வால்வு. இன்று நம் வண்டிகள் எல்லாவற்றிலும் இருப்பது அதன் வாரிசு.

திரும்ப உறிஞ்சப்படும் அந்த வாயுவில் இருக்கும் எண்ணெய் வால்வில் கரியாகப் படியும் என்பதுதான் பயம். அதை வழியிலேயே பிடிக்க மாட்டும் டப்பாதான் கேட்ச் கேன். ஆனால் அது பிறந்தது வேறு வீட்டில். பந்தயக் கார்களில் இந்த வாயுவைத் திறந்தவெளியில் விடுவார்கள். எண்ணெய் தளத்தில் சிந்தினால் பின்னால் வருகிறவன் வழுக்கி விழுவான். அதனால்தான் உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ. ஒரு விதி வைத்தது: 2000 சி.சி. வரை உள்ள எஞ்சினுக்குக் குறைந்தது 2 லிட்டர், அதற்கு மேல் 3 லிட்டர் பிடிக்கும் டப்பா இருக்க வேண்டும். உள்ளே இருப்பது வெளியே தெரிய வேண்டும். கவனியுங்கள், அந்த விதியின் அக்கறை எஞ்சின் மீது இல்லை, பின்னால் வரும் டிரைவரின் டயர் மீது. பந்தயக் கார்களில் பார்த்ததை, காரணம் கேட்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டோம். 2024 ஆகஸ்ட் கடைசியில் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரிப் பந்தயம் நடந்த பிறகு இந்த மோகம் இன்னும் ஒரு படி ஏறியது என்பது என் ஊகம்.

இப்போது சாட்சிக்கு வருகிறேன். டப்பாக்காரர்கள் எல்லோரும் காட்டும் சாட்சி ஒன்றே ஒன்று. டப்பாவைக் கழற்றி, உள்ளே இருக்கும் பழுப்புக் குழம்பை ஒரு கப்பில் ஊற்றி, "பாத்தீங்களா, இது எல்லாம் எஞ்சினுக்குள்ள போயிருக்கும்" என்பார்கள். பார்த்தவுடன் வயிற்றைப் புரட்டும். வாதம் அங்கேயே ஜெயித்துவிடும்.

ஆனால் அடையாறு காந்தி நகரில் இருக்கும் என் நண்பரின் டப்பா ஆறு மாதமாகியும் உள்ளே விரல் விட்டால் லேசாக எண்ணெய்ப் பசை ஒட்டும் அளவுதான். அவருக்கு அதில் ஏக சந்தோஷம். "எஞ்சின் அவ்வளவு ஹெல்த்தி, ஒண்ணுமே வரலே!" என்கிறார். என் டப்பா நிறைந்தபோது, "டப்பா அருமையா வேலை செய்யுது" என்றார்கள். நிறைந்தால் டப்பாவுக்கு வெற்றி. காலியாக இருந்தால் எஞ்சினுக்கு வெற்றி. என்ன நடந்தால் 'இது வீண்' என்று ஒப்புக்கொள்வீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. தோற்கவே வழியில்லாத சோதனைக்குச் சோதனை என்று எப்படிப் பெயர் வைப்பது?

நண்பரின் டப்பா காய்ந்து கிடந்ததற்குக் காரணம் எஞ்சின் ஆரோக்கியம் இல்லை, டப்பா உட்கார்ந்த இடம். டர்போ எஞ்சினில் இந்த வாயு வெளியேற இரண்டு வழி உண்டு. மெதுவாக ஓட்டும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை இருக்கும். அப்போது வாயு பி.சி.வி. வால்வு வழியாக நேராக அங்கே போகும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து டர்போ காற்றைத் திணிக்க ஆரம்பித்தால் மேனிஃபோல்டில் அழுத்தம் ஏறிவிடும். அந்த வழியில் இருக்கும் ஒருவழி வால்வு மூடிக்கொள்ளும். வாயு இன்னொரு ஹோஸ் வழியாக டர்போவுக்கு முன்னால் இருக்கும் குழாய்க்குப் போகும். இந்த இரண்டாவது ஹோஸ் பானெட்டைத் திறந்தவுடன் கைக்கு எட்டும். அதனால் பல கடைகளில் டப்பாவை அதில்தான் மாட்டிவிடுகிறார்கள். மெட்ரோ வேலைக்காக லஸ்ஸிலும் மந்தைவெளியிலும் பனகல் பார்க்கிலும் தடுப்பு வைத்து ரோட்டைச் சுருக்கிய இந்த ஊரில், டர்போ முழு அழுத்தம் கொடுக்கும்படி யார் எத்தனை நிமிஷம் மிதிக்க முடியும்? நாம் ஓட்டும் நேரத்தில் பெரும்பகுதி வாயு முதல் வழியில்தான் போகிறது. நண்பரின் டப்பா ஆள் நடமாட்டமில்லாத தெருவில் காவல் நிற்கிறது.

என் டப்பா சரியான வழியில், பி.சி.வி. பக்கத்தில் இருந்தது. மார்கழியில் அது நிறைந்தது. கச்சேரி சீசன் மாதமல்லவா, சாயங்காலம் ஆனால் மியூசிக் அகாடமி, வாணி மகால், கிருஷ்ண கான சபா என்று சின்னச் சின்ன ஓட்டம். மூன்று கிலோமீட்டர் போய் இரண்டு மணி நேரம் நிறுத்தினால் எண்ணெய் சூடேறுவதற்குள் வண்டி அணைந்துவிடும். மாதக் கடைசியில் டப்பாவைக் கழற்றி, காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஊற்றினேன். ஃபில்டர் காபியில் பால் அதிகமானால் வரும் நிறம். மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் பங்க் வாடை. மற்றவர்கள் இந்த நிமிஷத்தில்தான் போட்டோ எடுப்பார்கள். நான் பாட்டிலை மூடி பால்கனியில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். எனக்குப் பொறுமை கிடையாது, அன்று தூக்கம் வந்தது, அவ்வளவுதான்.

காலையில் பார்த்தால் பாட்டிலுக்குள் மூன்று அடுக்கு. அடியில் கலங்கிய தண்ணீர், பாதிக்கு மேல். நடுவில் வெண்ணெய் திரண்டது போல ஒரு கூழ். மேலே விரல் தடிமன்கூட இல்லாத எண்ணெய். அதையும் தொட்டுப் பார்த்தால் எண்ணெய் மாதிரி வழுக்கவில்லை, பெட்ரோல் கலந்து நீர்த்துப் போயிருந்தது. வேலைக்கு வரும் அம்மா எட்டிப் பார்த்து, "இது இன்னா கஷாயம் சார்?" என்றார்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் உண்டாகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர், ஆவியாக. அதில் கொஞ்சம் ப்ளோ-பையோடு சேர்ந்து எண்ணெய் அறைக்குள் நழுவும். டப்பா இல்லாதபோது அந்த ஆவி அப்படியே மேனிஃபோல்டுக்குப் போய், சிலிண்டருக்குள் நுழைந்து, சைலன்சர் வழியாக வெளியேறிவிடும். வால்வில் தண்ணீர் கரியாகப் படியாது. டப்பா மாட்டினால் வழியில் குளிர்ந்த அலுமினியச் சுவர் ஒன்று குறுக்கே வருகிறது. ஆவி அதில் பட்டுத் தண்ணீராகிறது. ஆக, 'எஞ்சினைக் கெடுக்க இருந்தது' என்று கப்பில் ஊற்றிக் காட்டும் குழம்பில் பெரும்பங்கு, டப்பா இல்லாவிட்டால் குழம்பாகவே ஆகியிருக்காது. திருடனைப் பிடித்ததாகச் சொல்லி, தெருவில் போனவனைக் கட்டி வைத்த கதை.

இன்னும் வேடிக்கை சித்திரையில். அதே வண்டி, அதே எண்ணெய், ஏறக்குறைய அதே ஓட்டம். டப்பா கிட்டத்தட்டக் காலி. வெளியே அனல், பானெட்டுக்குள் அதைவிட அனல். தி.நகர் உஸ்மான் ரோட்டில் முக்கால் மணி நேரம் ஊர்ந்துவிட்டு வந்து டப்பாவைத் தொட்டால் கை சுடுகிறது. சுடும் சுவரில் எந்த ஆவியும் தங்காது, எண்ணெய் ஆவியும் சேர்த்து. எண்ணெய் அதிகமாக ஆவியாகும் கோடையில் டப்பா ஓய்வெடுக்கிறது. தண்ணீர் ஆவி அதிகமாகப் படியும் மார்கழியில் நிறைந்து வழிகிறது. நான் ஒரு வருஷம் அளந்தது எஞ்சினை என்று நினைத்திருந்தேன். மீனம்பாக்கம் வானிலை நிலையத்துக்குப் போட்டியாகத்தான் வேலை பார்த்திருக்கிறேன்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஒரு கேட்ச் கேன் இருக்கிறது. எஞ்சின் தலைமேல் இருக்கும் பிளாஸ்டிக் வால்வு கவரைக் கழற்றித் திருப்பிப் பார்த்தால் உள்ளே கோயில் பிராகாரம் மாதிரி தடுப்புச் சுவர்கள் வளைந்து வளைந்து போகும். வாயு அதில் முட்டி மோதிப் போகும்போது பெரிய எண்ணெய்த் துளிகள் சுவரில் ஒட்டி, வழிந்து, திரும்ப எண்ணெய்த் தொட்டிக்கே போய்ச் சேரும். யாரும் கழற்றிக் கொட்ட வேண்டியதில்லை. அதையும் தாண்டி வருவது கண்ணுக்குத் தெரியாத நுண்துளியும் ஆவியும். உள்ளே ஒரு தடுப்போ வலையோ இல்லாத வெற்று அலுமினிய டப்பா பெரிய துளியைத்தான் பிடிக்கும். அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. நுண்துளியைப் பிடிக்க நெருக்கமான ஃபில்டர் வேண்டும். அப்படிப்பட்ட நல்ல டப்பாக்கள் உலகச் சந்தையில் உண்டு, விலையும் அதற்குத் தக்கபடி. கடையில் தொங்கும் நீலம், சிவப்பு, தங்க நிற டப்பாக்களில் எத்தனைக்குள் அது இருக்கிறது என்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

'டர்போ என்றாலே' என்று ஆரம்பிப்பதிலேயே கோளாறு இருக்கிறது. கரி பிடிப்பதற்கும் டர்போவுக்கும் உள்ள உறவைவிட, பெட்ரோலை எங்கே தெளிக்கிறார்கள் என்பதற்கும் அதற்கும் உள்ள உறவு நெருக்கமானது. போர்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில், அதாவது எம்.பி.எஃப்.ஐ.யில், பெட்ரோல் வால்வின் முதுகில் விழுந்து உள்ளே போகும். பெட்ரோலில் இருக்கும் சுத்திகரிப்பு ரசாயனம் வால்வைக் கழுவிக்கொண்டே இருக்கும். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் சிலிண்டருக்குள்ளேயே தெளிக்கப்படுவதால் வால்வுக்கு அந்தக் குளியல் கிடையாது. நம் ஊரைச் சுற்றியே இரண்டுக்கும் உதாரணம் கிடைக்கிறது. மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டில் 2013இல் வந்த ஈகோபூஸ்ட் எஞ்சின் நேரடி இன்ஜெக்‌ஷன். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 2019இல் வந்த ஹூண்டாய் வெனியூவின் ஒரு லிட்டர் டர்போவும் அப்படியே. ஆனால் 2020 டிசம்பரில் ஒரகடத்திலிருந்து வந்த நிசான் மேக்னைட் டர்போ போர்ட் இன்ஜெக்‌ஷன். டாடா நெக்ஸானின் 1.2 ரெவோட்ரானும் எம்.பி.எஃப்.ஐ.தான். டாடா நிறுவனம் அதைப் பெருமையாகவே விளம்பரம் செய்தது. இந்தப் பின்னிரண்டு வண்டிக்காரர்களும் வால்வுக் கரிக்குப் பயந்து டப்பா வாங்குவது, தினம் தலைக்குக் குளிப்பவன் பேனுக்கு மருந்து வாங்குவது மாதிரி. கடையில் யாராவது "எந்த எஞ்சின்?" என்று கேட்டார்களா? என்னிடம் கேட்கவில்லை. எந்தக் கலர் வேண்டும் என்று கேட்டார்கள்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை ஒதுக்கிவிட்டுப் போனால் அது நேர்மையாகாது. நேரடி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் வால்வு கரி பிடிப்பது உண்மை. சில ஜெர்மன் எஞ்சின்களில் அடைகட்டிய தேன்கூடு மாதிரி கரி படிந்த படங்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்குப் ப்ளோ-பை எண்ணெய் ஒரு காரணம் என்பதும் உண்மை. ஒரு காரணம். வால்வுத் தண்டின் சீல் வழியாக மேலிருந்து கசியும் எண்ணெய் இன்னொன்று. அது டப்பா பக்கமே வராது. வால்வுகள் இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் கணத்தில் எரிந்த வாயு பின்னோக்கி வந்து படியும் புகைக்கரி மூன்றாவது. அதுவும் டப்பாவுக்குத் தெரியாது. டப்பா இல்லாத எஞ்சினின் கறுத்த வால்வுப் படம், டப்பா இருந்தால் வெளுத்திருக்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகுமா? குடை இல்லாமல் நனைந்தவனின் போட்டோவை வைத்து, ஓட்டைக் குடையை விற்கிறார்கள்.

கார் கம்பெனிகளுக்கு இந்தப் பிரச்சினை தெரியாமலும் இல்லை. டொயோட்டா 2005 வாக்கிலேயே நேரடி இன்ஜெக்டரோடு போர்ட் இன்ஜெக்டரையும் சேர்த்து வைத்த எஞ்சினைக் கொண்டுவந்தது. ஃபோர்டு தன் 3.5 லிட்டர் ஈகோபூஸ்ட்டை 2017 மாடலில் அதே வழிக்கு மாற்றியது. அப்படிச் செய்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் வால்வு கழுவப்படுவது அதில் ஒரு லாபம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டாவது இன்ஜெக்டர் வைப்பது எவ்வளவு செலவு! நூறு ரூபாய் பிளாஸ்டிக் டப்பாவில் தீரும் வியாதியாக இருந்தால், ஒரு நட்டில் பத்து பைசா மிச்சம் பிடிக்கும் கம்பெனிக்காரன் விட்டிருப்பானா? "வாடிக்கையாளர் டப்பாவைக் கொட்ட மறந்துவிடுவார், அதனால்தான் வைக்கவில்லை" என்பார்கள். அதுவும் நியாயம்தான். சரி, நீங்கள் மறக்க மாட்டீர்களா? காந்தி நகர் நண்பர் ஆறு மாதத்தில் ஒருமுறைதான் திறந்தார், அதுவும் நான் கேட்டதால்.

அக்கா மகன் கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவனுக்கு மாட்டிக் கொடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். 'ஒரே டப்பாவில் ரெண்டு வேலை' என்று இரண்டு ஹோஸையும் ஒரு 'டி' வைத்து இணைத்துவிட்டார்கள். டர்போ இல்லாத எஞ்சினில் இது ஓரளவு தாக்குப் பிடிக்கும். டர்போவில் அந்த 'டி', ஒருவழி வால்வைத் தாண்டிப் போக ஒரு குறுக்குச் சந்து. முதல் வாரம் ஐடிலில் மெல்லிய விசில் கேட்டது. மேனிஃபோல்டு முழு விசையில் எண்ணெய் அறையை உறிஞ்ச, ஆயில் சீலின் உதடு வழியாக வெளிக்காற்று நுழையும் சத்தம் அது. அவன் டர்போ சத்தம் என்று நினைத்து மகிழ்ந்திருக்கிறான். அப்புறம் ஒரு ஞாயிறு ஈ.சி.ஆரில் மிதித்திருக்கிறான். திணிக்கப்பட்ட காற்று அந்தச் சந்து வழியாக எஞ்சினின் வயிற்றுக்குள் போயிருக்கிறது. திரும்பி வரும்போது மத்திய கைலாஷ் சிக்னலில் தீய்ந்த எண்ணெய் வாடை. பானெட்டைத் திறந்தால் டிப்ஸ்டிக் ஒரு அங்குலம் எழும்பி நிற்கிறது. சுற்றிலும் எண்ணெய் தெளித்திருக்கிறது. கிராங்க் சீல் ஓரத்தில் ஈரம்.

மந்தைவெளியில் நான் வண்டி விடும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனோம். முப்பது வருஷமாக அதே ஷெட். டப்பாவை விரலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார், "தம்பி, இது பேக் கம்ப்ரெஷன் அடிக்கிற வண்டிக்குக் கட்டுறது. போரு தேய்ஞ்ச வண்டிக்கு, போரு பண்ணக் காசு இல்லாதவன் டின்னு கட்டுவான். புது வண்டிக்கு எதுக்கு?"

"இல்லண்ணே, வால்வுல கரி புடிக்கும்னு..."

"இருபதாயிரம் கூட ஓடல. எந்தக் கரி?"

அவன் என்னைப் பார்த்தான். அப்போது என் வண்டியிலும் டப்பா இருந்ததால் நான் வேறு பக்கம் பார்த்தேன்.

'அது மாட்டியவன் தப்பு, டப்பா தப்பில்லை' என்று சொல்வார்கள். சரி, ஒழுங்காக மாட்ட என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போடுவோம். இரண்டு வழிக்கும் தனித்தனி டப்பா, அல்லது சரியான இடங்களில் ஒருவழி வால்வுகள். எண்ணெயிலும் சூட்டிலும் ஊறாத ஹோஸ். மீன் தொட்டிக்கு வாங்கும் டியூப் மாதிரி ஒன்றை மாட்டினால் அது மூன்று மாதத்தில் அப்பளமாகச் சப்பையாகிவிடும். கம்பெனிக் குழாயைவிடக் குறுகாத துவாரம். உள்ளே அடைத்துக்கொள்ளாத, ஆனால் நுண்துளியைப் பிடிக்கிற ஃபில்டர். மாதாமாதம் கழற்றிப் பார்க்கும் பொறுமை. இவ்வளவும் செய்து முடித்தால் கிடைக்கப் போவது, மூன்று காரணங்களில் ஒன்றில் ஒரு பங்கு குறைவது. ஏர்ஃப்ளோ சென்சார் வைத்து காற்றை அளக்கும் வண்டியாக இருந்தால், ஹோஸ் ஒரு இடத்தில் கசிந்தாலும் கணக்கில் வராத காற்று புகுந்து செக் எஞ்சின் விளக்கு எரியும். அதைத் தேடுவதற்கு ஒரு நாள் கூலி.

சட்டமும் இருக்கிறது, அதை நீட்டி முழக்க எனக்கு ஆசையில்லை. எண்ணெய் அறை வாயுவை வெளியே விடக் கூடாது என்பது, மாடலுக்கு அனுமதி கொடுக்கும்போதே தனியாகச் சோதிக்கப்படும் விஷயம். டப்பாவின் தலையில் சின்ன ஃபில்டர் வைத்துத் திறந்து விடுகிறவர்கள், கலிஃபோர்னியா 1961இல் மூடிய குழாயை மயிலாப்பூரில் திறக்கிறார்கள். பி.யூ.சி. புகைப் பரிசோதனையில் பாஸ் ஆகிவிட்டதே என்பார்கள். பெட்ரோல் வண்டிக்கு அங்கே சைலன்சர் முனையில்தான் கருவியை விடுகிறார்கள், பானெட்டைத் திறப்பதில்லை. டிராஃபிக்கில் ஏ.சி. வெளிக்காற்றை இழுத்தால் திறந்து விட்ட அந்த வாயுவின் வாடையை முதலில் மூச்சில் வாங்குவது உள்ளே இருக்கும் குழந்தைகள். வாரன்டியில் சர்வீஸ் சென்டர் கை விரித்தால் அவர்களைத் திட்டவும் முடியாது. அப்புறம், கொட்டிய குழம்பு எங்கே போகிறது? நான் விசாரித்த நாலு பேரில் மூன்று பேர் தெரு மழைநீர் வடிகாலில் ஊற்றுகிறார்கள். அடையாறு ஆற்றுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் ஏற்கெனவே இருக்கிற சீர் போதாதா?

அந்தப் பணத்தை வேறு எதில் போடலாம் என்பதுதான் எனக்கு முக்கியம். எண்ணெயில் போடுங்கள். 'பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஒரு வருஷம்' என்று சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். நெடுஞ்சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடினால் பத்தாயிரம் கிலோமீட்டர் என்பது 125 மணி நேரம். மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் இடையில் சராசரி 15 என்று வைத்துக்கொண்டால் அதே பத்தாயிரம் 660 மணி நேரத்துக்கு மேல். எண்ணெய்க்குக் கிலோமீட்டர் தெரியாது, அது உழைக்கும் நேரம்தான் அதற்குத் தெரியும். அதே புத்தகத்தின் பின்பக்கங்களில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு பகுதி இருக்கும். குறுகிய ஓட்டம், நின்று நின்று போகும் டிராஃபிக், அதிக வெயில் என்று பட்டியல் போட்டு, சீக்கிரமே எண்ணெய் மாற்றச் சொல்லியிருப்பார்கள். சென்னைக்காரனின் ஜாதகத்தையே எழுதி வைத்திருக்கிறார்கள், நாம் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. நான் இப்போது ஐயாயிரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். டப்பாவுக்குக் கொடுத்த காசில் ஒரு எண்ணெய் மாற்றம் முடிந்திருக்கும்.

எந்த எண்ணெய் என்பதிலும் விஷயம் இருக்கிறது. நோயக் என்று ஒரு சோதனை உண்டு. எண்ணெயை 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை சதவீதம் ஆவியானது என்று பார்ப்பார்கள். அமெரிக்கத் தரத்தில் 15 சதவீதம் வரை அனுமதி. ஐரோப்பிய சி3 தரத்தில் 13. குறைவாக ஆவியாகும் எண்ணெய், உங்கள் எஞ்சினுக்குக் கம்பெனி சொன்ன தரத்துக்குள் கிடைத்தால், வால்வுக்குப் போகும் எண்ணெயை ஊற்றுக்கண்ணிலேயே குறைத்துவிடலாம், கோடையிலும்கூட. இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். நீல அலுமினியத்தில் இருக்கும் மார்ஜின் இதில் இல்லை. அவர் டாங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டிலையும் சேர்த்து விற்பார். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் வால்வைத் தொடுவதே இல்லை என்னும்போது அந்த கிளீனர் எப்படித் தொடும் என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். கரி நிஜமாகவே பிடித்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் சின்ன கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கலாம். பிடித்திருந்தால் மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் முறை இருக்கிறது. பார்த்த பிறகு செய்வதற்குப் பெயர் வைத்தியம்.

டப்பா எங்குமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ.வை ரீமேப் செய்து அழுத்தத்தை ஏற்றியவன் ரிங்குகளைத் தாண்டும் வாயுவையும் ஏற்றிவிட்டான், அவனுக்கு நல்ல டப்பா நியாயமே. எரிந்த வாயுவைத் திரும்ப உள்ளே விடும் இ.ஜி.ஆர். ஏற்பாட்டின் புகைக்கரியும் எண்ணெயும் கலந்து இன்டேக்கில் தார் போல அப்பிக்கொள்ளும் டீசல் வண்டிகளுக்கும் ஒரு வழக்கு உண்டு, அது வேறு கட்டுரை. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் சுற்றுச் சுற்றாக முழு மிதியில் ஓட்டுபவனுக்கு அது அவசியம். விசித்திரம் என்னவென்றால் அதே ஊரில்தான் ஹூண்டாய் தொழிற்சாலையும் இருக்கிறது. தளத்துக்குள் போகும் வண்டியும் தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் வண்டியும் ஒரே ஊர் என்பதற்காக ஒரே வைத்தியமா?

போன மாதம் என் டப்பாவைக் கழற்றிக் கம்பெனிக் குழாயைத் திரும்ப மாட்டினேன். வீணாகக் கிடப்பானேன் என்று அக்கா மகன் அதை விற்க ஏற்பாடு செய்தான். மயிலாப்பூர் ஃபிளாட்டுக்கே ஒரு பையன் வந்தான், இருபத்து மூன்று இருபத்து நாலு வயது இருக்கும். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"என்ன வண்டி தம்பி?" என்றேன்.

"மேக்னைட் டர்போ சார்."

வாயைத் திறந்தேன். அக்கா மகன், "மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்று பார்வையால் சொன்னான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அது போர்ட் இன்ஜெக்‌ஷன், உனக்கு இது தேவையே இல்லை என்று சொன்னேன். பையன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு கேட்டான், "சார், உங்க வண்டியில எவ்வளவு புடிச்சுது?"

"மார்கழில நிறைய. சித்திரைல ஒண்ணுமே இல்ல."

"அப்போ சூப்பரா வேலை செஞ்சிருக்கு சார்" என்று காசை எண்ணிக் கொடுத்தான்.